வசனத்தை வெட்டாதீங்க சாமிகளா!

தலைப்பைப் பார்த்ததும் நம்ம கடவுள் மறுப்புக் கோஷ்டி விசிலடிச்சுக்கிட்டு ஓடி வர வேண்டாம். இது உள்வீட்டுச் சண்டை. ஞாயித்துக்கிழமையானா கோயிலுக்குப் போற ஆள்தான் நான். (எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். குழம்பிக்காதீங்க.) அதே மாதிரி, "விசுவாசம் குறைஞ்சு போச்சு தம்பி, உனக்காக ஜெபிக்கிறோம்"னு பின்னூட்டம் போடக் காத்திருக்கிற அண்ணாச்சிகளும் முழுசாப் படிச்சுட்டு ஜெபிங்க.

விஷயம் இதுதான். இயேசுவின் அன்பை அனுபவிக்கணும், அதை நாலு பேரோட பகிர்ந்துக்கணும்னு தினமும் காலையில ஒரு தியானம் வருது. சின்னப் புத்தகமா வருது, டிவியில வருது, இப்பல்லாம் காலை அஞ்சரை மணிக்கு சூரியோதயப் படத்தோட வாட்ஸ்அப்ல வருது. சித்தப்பா அனுப்புவார். அதையே அத்தை அனுப்புவாங்க. அதையே ஆபீஸ் நண்பன் ரெண்டு பூங்கொத்து சேர்த்து அனுப்புவான். என் குற்றச்சாட்டு ஒண்ணே ஒண்ணுதான். இந்தத் தியானங்கள்ல பெரும்பாலானவை இயேசுவோட அன்பைச் சொல்றதே இல்ல. அந்த அன்புல நமக்கு வர்ற பங்கை மட்டும் கத்திரி போட்டு எடுத்துக் குடுக்குது. அடுத்தவனுக்குப் போக வேண்டிய பங்கு, வெட்டின துண்டுக்கு வெளிய விழுந்து கிடக்கு.

ஃபார்முலா உங்களுக்கே தெரியும். மேல ஒரு வசனம். அதுக்குக் கீழ ஒரு கதை. கதையில பென்சில் பேசும், நங்கூரம் பேசும், இல்லேன்னா கழுகு. அப்புறம் "மகனே, மகளே, உன் கண்ணீரை அவர் கண்டார், இந்த மாதம் உனக்குத் திருப்புமுனை" வகையறா நாலு வரி. குட்டி ஜெபம். ஆமென் போட்டு ஃபார்வர்ட் பண்ணு. அந்தக் கழுகுக் கதையைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். நாப்பது வயசுல கழுகு மலையுச்சிக்குப் போயி, அலகைப் பாறையில அடிச்சு உடைச்சு, இறகையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டு, புது அலகு முளைச்சதும் இன்னும் முப்பது வருஷம் வாழுமாம். சுத்தப் பொய். அலகு உடைஞ்ச கழுகு பட்டினி கிடந்து செத்துப்போகும், அவ்வளவுதான். சத்தியத்தைப் பிரசங்கம் பண்ற இடத்துல இத்தனை வருஷமா இந்தப் புளுகு ஓடிக்கிட்டு இருக்கே, ஒருத்தருக்கும் கூச்சமா இல்லையா?

சரி, கழுகு பறக்கட்டும். வசனத்துக்கு வருவோம்.

எரேமியா 29:11. கிறிஸ்தவ வீடுகள்ல ஃப்ரேம் போட்டு மாட்டின வசனங்களுக்கு ஒரு போட்டி வச்சா முதல் மூணு இடத்துக்குள்ள இது நிச்சயம் வரும். கடவுள் நம்மளைப் பத்தி நல்லதே நினைச்சிருக்கார், நல்ல முடிவு தருவார்ங்கற வசனம். இன்டர்வியூவுக்குப் போறவனுக்கு அனுப்புறாங்க, விசாவுக்கு வரிசையில நிக்கிறவனுக்கு அனுப்புறாங்க. ஆனா அது யாருக்கு எழுதின கடுதாசி? நேபுகாத்நேச்சார் சிறைபிடிச்சு பாபிலோனுக்குக் கொண்டுபோன யூத ஜனங்களுக்கு. அதுக்கு முந்தின 10-ஆம் வசனம் என்ன சொல்லுது? திரும்பி வர 70 வருஷம் ஆகும்னு சொல்லுது. அதாவது அந்தக் கடுதாசியைக் கையில வாங்கிப் படிச்ச பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க அந்நிய மண்ணுலயேதான் சாகப்போறாங்க. இன்னும் மேல 7-ஆம் வசனத்துக்குப் போங்க. உங்களை அடிமையாப் பிடிச்சுக் கொண்டுபோனவனோட ஊர் நல்லா இருக்கணும்னு பாடுபடுங்க, அதுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு. இந்த 7-ஆம் வசனத்தை ஃப்ரேம் போட்டு மாட்டின ஒரு வீட்டைக்கூட நான் பார்த்ததில்ல. நீங்க பார்த்திருந்தா சொல்லுங்க.

இதைவிடத் தமாஷ், அதுக்கு முந்தின 28-ஆம் அதிகாரம். அங்க அனனியான்னு ஒருத்தர். அவரும் தீர்க்கதரிசிதான். ரெண்டே வருஷம், எல்லாம் திரும்பி வந்துடும்னு ஜனங்க முன்னாடி முழங்குறார். கேக்க நல்லாத்தான் இருந்திருக்கும். எரேமியா அவரைப் பொய்யன்னு சொல்றார், அந்த வருஷமே அனனியா செத்துப்போறார். இப்போ சொல்லுங்க, நம்ம காலை அஞ்சரை மணி "இந்த மாதமே திருப்புமுனை" தியானம் யார் கட்சி? எரேமியாவோட வசனத்தை எடுத்து அனனியா குரல்ல வாசிக்கிறோம்.

இன்னொண்ணு. நம்ம மொழியில நீ வேற, நீங்க வேற. இங்கிலீஷ்காரனுக்கு ரெண்டும் ஒரே சொல்லு, பாவம், அவன் குழம்பலாம். நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. தமிழ் வேதாகமத்துல அந்த 11-ஆம் வசனம் உங்களுக்கு, உங்கள்பேரில்னு பன்மையிலதான் இருக்கு. ஒரு ஊர் ஜனத்துக்கு மொத்தமாச் சொன்னது. நம்ம தியானக்காரர் கீழ விளக்கம் எழுதும்போது அது "மகனே, உன்னைக் குறித்து..."ன்னு ஆயிடுது. ஒரு "ங்கள்" காணாமப் போனதுல ஒரு சமுதாயமே காணாமப் போயிடுச்சு பாருங்க!

அடுத்து நம்ம ஆல்டைம் ஃபேவரிட், உபாகமம் 28. வாலா இல்லாம தலையா இருப்போம், கடன் வாங்காமக் கடன் குடுப்போம்ங்கற அதிகாரம். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களுக்காக ஒரு விளக்கம்: டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு புது வருஷம் பொறந்ததும் நிறைய சபைகள்ல ஒரு தாம்பாளத்துல குட்டி குட்டி அட்டை வச்சுக் குடுப்பாங்க. கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு எடுக்கணும். அதுல இருக்கிற வசனம்தான் அந்த வருஷத்துக்கு உங்களுக்கான வாக்குத்தத்தம். கிளி ஜோசியத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா அடிக்க வருவாங்க. (கிளி இல்லைங்கறது ஒரு வித்தியாசம்.) அந்தத் தட்டுல இந்த அதிகாரத்துல இருந்து நிச்சயமா நாலஞ்சு அட்டை இருக்கும். அதிகாரத்துல மொத்தம் 68 வசனம். ஆசீர்வாதம் 14. மீதி 54-ம் சாபம். சொன்னபடி நடந்தா ஆசீர்வாதம், நடக்காட்டி சாபம்னு தெளிவா நிபந்தனை போட்ட ஒப்பந்தம் அது. க்ளையண்ட் அனுப்பின நாப்பது பக்க ஒப்பந்தத்துல பேமென்ட் பக்கத்தை மட்டும் கிழிச்சு மேனேஜர் சுவத்துல ஒட்டினா எப்படி இருக்கும்? அதுதான் இது.

அந்த நிபந்தனைகள்ல என்னென்ன வருதுன்னு நாலு அதிகாரம் பின்னாடி புரட்டினாத் தெரியும். 24-ஆம் அதிகாரம். ஏழைக் கூலிக்காரனோட கூலியை அன்னைக்கே, சூரியன் மறையறதுக்குள்ள குடுத்துடணும், அவன் அதை நம்பித்தான் இருக்கான். அறுவடையில மறந்து விட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் அனாதைக்கும் விதவைக்கும். அன்புன்னா இதுதான். ரூபாய், நெல்லு, நேரம்னு கணக்கா வர்ற அன்பு. இதையெல்லாம் பத்தி ஒரு தியானம் எழுதுங்களேன். எழுதினா "பகிருங்கள்"னு கடைசியில போடவே தேவையிருக்காது.

இப்போ மெயின் மேட்டருக்கு வர்றேன். பழைய ஏற்பாட்டை விடு, நாங்க இயேசுவைத்தான் தியானிக்கிறோம்னு சொல்றவங்களுக்கு.

ஒருவருக்கொருவர் அன்பா இருங்கன்னு இயேசு புதுக் கட்டளை குடுத்தது யோவான் 13:34-ல. அது எப்ப சொன்னது? ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, தண்ணி எடுத்து, சீஷர்களோட காலைக் கழுவின பிறகு. யூதாஸ் எழுந்து வெளிய போனது 30-ஆம் வசனம். கால் கழுவினது அதுக்கு முன்னாடி. அதாவது, காட்டிக் குடுக்கப் போறவன்னு தெரிஞ்சே அவன் காலையும் கழுவியாச்சு. அந்தத் தண்ணி காயறதுக்குள்ள வந்த கட்டளை அது. நம்ம தியானத்துல கட்டளை மட்டும் ரோஜாப்பூ பார்டரோட வருது. தண்ணியும் அழுக்கும் யூதாஸும் வர்றதில்ல.

அன்பைப் பத்தின 1 கொரிந்தியர் 13 கதையும் அதே. கல்யாணத்துக்குக் கல்யாணம் வாசிக்கிற அதிகாரம். பவுல் அதைக் கல்யாணத்துக்காக எழுதல. சண்டை போட்டுக்கிட்டுக் கிடந்த ஒரு சபைக்கு எழுதினார். ரெண்டு அதிகாரம் முன்னாடி, 11-ஆம் அதிகாரத்துல, அந்தச் சபையோட லட்சணம் இருக்கு. திருவிருந்துக்குக் கூடி வர்ற இடத்துல வசதியானவன் முந்திக்கிட்டுத் தன் சாப்பாட்டைச் சாப்பிடறான், இல்லாதவன் பசியோட உக்காந்திருக்கான். இதுக்குப் பேரு கர்த்தரோட பந்தியான்னு கிழிக்கிறார் பவுல். 13-ஆம் அதிகாரத்து அன்பு, இந்தப் பந்தித் தகராறுக்கு எழுதின மருந்துச் சீட்டு.

பந்தின்னதும் நம்ம ஊர் ஞாபகம் வரணுமே. வரல? நான் ஞாபகப்படுத்தறேன். 1833-ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். சபைக்குள்ள சாதி கூடாது, எல்லாரும் கலந்து உக்காரணும், திருவிருந்துக்கு வித்தியாசமில்லாம வரணும்னு. தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் பெரிய கலகமே ஆச்சு. இயேசுவை விட மாட்டோம், சாதியையும் விட மாட்டோம்னு சபையை விட்டு வெளிய போனாங்க மக்கள். நாம இன்னைக்கும் உருகி உருகிப் பாடுற கீர்த்தனைகளை எழுதின தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இந்த விஷயத்துல எந்தப் பக்கம் நின்னார்னு நினைக்கிறீங்க? சாதியாசாரத்துக்கு ஆதரவா நின்னார். 1829-லயே அதுக்காக எழுதவும் செஞ்சார். அவர் பாட்டைப் பாடாதேன்னு நான் சொல்லல. பாட்டுல உருகுறது வேற, பக்கத்துல உக்காருறது வேற. அதுக்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பழங்கதைங்கறீங்களா? 2003 நவம்பர்ல ரோமுக்குப் போயிருந்த தமிழ்நாட்டு ஆயர்கள்கிட்ட போப் இரண்டாம் ஜான் பாலே சாதியைப் பத்திக் கண்டிச்சுப் பேச வேண்டியிருந்துச்சு. 2008 மார்ச்ல, அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூர்ல வன்னியர் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல். ஒரே கோயில், ஒரே பூசை. சாவு ஊர்வலம் எந்த வழியாப் போகணும்ங்கறது வரைக்கும் தகராறு. போலீஸ் துப்பாக்கிச்சூடு, ரெண்டு பேர் செத்தாங்க. திருச்சி மேலப்புதூர்ல கல்லறைத் தோட்டத்துக்கு நடுவுலயே சுவர் வச்சாங்க. செத்தவனுக்கும் சாதி! அவ்வளவு தூரம் போவானேன், மேட்ரிமோனி சைட்டுக்குப் போங்க. மதம் கிறிஸ்தவம்னு தேர்ந்தெடுத்ததும் வேலை முடிஞ்சிருக்கணும்ல? அடுத்த கட்டம் சாதி கேக்கும். அதை காலியா விடறவங்க எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க. விளம்பரத்துல "இரட்சிக்கப்பட்ட, ஜெபிக்கிற" மணமகள் தேவைன்னு இருக்கும், கூடவே சாதிப் பேரும் இருக்கும். அந்த விளம்பரம் குடுத்த வீட்டுல இருந்துதான் மறுநாள் காலையில உங்களுக்கு "இயேசுவின் அன்பு எல்லையற்றது" வருது.

எங்கயாவது ஒரு தினதியானத்துல, ஒரு வருஷத்து 365 நாள்ல ஒரே ஒரு நாளாவது, இந்த வசனத்தை வாசிச்ச கையோட உன் பிள்ளைக்கு வர்ற வரன்ல சாதி பார்க்காதேன்னு எழுதியிருக்காங்களா? நான் படிச்சதுல பார்த்ததில்ல. கோபத்தை அடக்கு, பொறுமையா இரு, புருஷனுக்கு மரியாதை குடு, எல்லாம் இருக்கும். யாரோட சந்தாவும் போகாத அறிவுரைகள்.

"அனுபவிக்கிறது" பத்தியும் சொல்லணும். தியானம் படிச்சதும் மனசுக்குள்ள ஒரு இதம் பரவுது, கண்ணு கலங்குது, அதுதான் இயேசுவோட அன்பை அனுபவிக்கிறதுன்னு ஆகிப்போச்சு. மத்தேயு 25-ஐ எடுத்துக்குங்க. பசிச்சவனுக்குச் சோறு போட்டவங்க, ஜெயில்ல கிடந்தவனைப் போய்ப் பார்த்தவங்க, கடைசி நியாயத்தீர்ப்புல முழிக்கிறாங்க. உம்மை எப்ப நாங்க பார்த்தோம்னு கேக்கறாங்க. கவனிச்சீங்களா? அவங்களுக்கு எந்த அனுபவமும் இல்ல! சோறு போடும்போது உடம்பு சிலிர்க்கல. அது இயேசுன்னு தெரியவே தெரியாது. இடது பக்கம் நிக்கிறவங்களும் அதே கேள்வியைத்தான் கேக்கறாங்க. ரெண்டு கோஷ்டிக்கும் வித்தியாசம் உணர்ச்சியில இல்ல, சோத்துல.

டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவோட வரிகளை உலகம் பூராவும் தியானப் புத்தகங்கள்ல எடுத்துப் போடறாங்க. 1895-ல இந்தியா வந்தவங்க, ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பல. 1901-ல கோயிலுக்குன்னு விடப்பட்டிருந்த ஒரு சின்னப் பொண்ணு தப்பிச்சு அவங்ககிட்ட வந்து சேர்ந்துச்சு. அப்புறம் நூத்துக்கணக்குல பிள்ளைங்க. 1931-ல கீழ விழுந்ததுல இருந்து 1951-ல சாகிற வரைக்கும் பெரும்பாலும் கட்டில்லதான். அந்த இருபது வருஷமும் எழுதினாங்க. அந்த எழுத்துக்குப் பின்னாடி துவைச்ச துணியும், ராத்திரி காய்ச்சலுக்கு முழிச்ச கண்ணும் முப்பது வருஷத்துக்கு இருந்துச்சு. நம்ம ஆளுங்க அந்த எழுத்துல இருந்து ரெண்டு வரியை உருவி, பின்னாடி ஊட்டி அருவி போட்டு அனுப்பிட்டு, அன்பைப் பகிர்ந்துட்டோம்ங்கறாங்க.

இப்போ நியாயமான ஒரு எதிர்வாதம் வரும், எனக்கே தெரியும். "ஏம்ப்பா, ஐசியு வாசல்ல உக்காந்திருக்கிற ஒரு அம்மாவுக்கு அந்த ஒத்தை வசனம்தான் தெம்பு. அதையும் பிடுங்குவியா?" பிடுங்க மாட்டேன். தினதியானப் புத்தகங்கள்ல ரொம்பப் பிரபலமான "ஸ்ட்ரீம்ஸ் இன் தி டெசர்ட்" 1925-ல வந்தது. கௌமன் அம்மா, படுத்த படுக்கையா இருந்த புருஷனை வருஷக்கணக்காப் பார்த்துக்கிட்ட காலத்துல சேர்த்துவச்ச வாசிப்புகள்தான் அது. துக்கத்துல இருக்கிறவங்களுக்கு அது வேணும், கண்டிப்பா வேணும். ஆனா ஐசியு வாசல்ல இல்லாத, மாசம் பொறந்தா சம்பளம் கிரெடிட் ஆகிற, ஏசி ரூம்ல படுத்துக்கிட்டுப் படிக்கிற நமக்கு எதுக்கு தினம் தினம் ஐசியு மருந்து? அதுவும் அந்த அம்மாவுக்கு வசனம் அனுப்பின பதினஞ்சு பேர்ல எத்தனை பேர் சாப்பாட்டுக் கூடையோட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, எத்தனை பேர் ராத்திரி துணைக்குப் படுத்தாங்கன்னு அந்த அம்மாகிட்டயே கேளுங்க.

தினம் ஒரு வசனம்ங்கற பழக்கமே தப்புன்னும் நான் சொல்லல. அதுக்கு நல்ல சரித்திரம் இருக்கு. ஜெர்மனியில ஹெர்ன்ஹட்னு ஒரு சின்ன ஊர், மொராவியாவுல இருந்து ஓடி வந்த அகதிகள் குடியேறின ஊர். 1728 மே மாசம் சின்சென்டார்ஃப் பிரபு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியம் குடுக்க ஆரம்பிச்சார். அதை வீடு வீடாப் போய்ச் சொன்னாங்க. 1731-ல இருந்து வருஷா வருஷம் அச்சாகுது, இன்னைக்கும் நிக்கல. அந்தக் காலத்துல வசனத்தை ஃபார்வர்ட் பண்ணணும்னா ஒருத்தன் வீட்டு வாசல் வரைக்கும் நடக்கணும், அவன் மூஞ்சியைப் பார்க்கணும்.

அதே தினவாக்கியப் புத்தகத்தைத்தான் போன்ஹோஃபர் வாசிச்சுக்கிட்டு இருந்தார். ஹிட்லரை எதிர்த்த பாதிரியார். 1939 ஜூன்ல நியூயார்க் போய்ச் சேர்ந்துட்டார். நண்பர்கள் வேலை ஏற்பாடு பண்ணிட்டாங்க, உயிருக்கு ஆபத்தில்ல. நம்ம கணக்குல அதுதான் ஆசீர்வாதம், சாட்சி சொல்ல வேண்டிய விஷயம். அவருக்கோ மனசு கேக்கல. ஜூன் 24-ஆம் தேதி வாக்கியம் ஏசாயா 28:16. ஜெர்மன் மொழிபெயர்ப்புல அது ஓடிப்போகாம இருக்கிறதைப் பத்திப் பேசுது. ரெண்டு நாள் கழிச்சு 2 தீமோத்தேயு கண்ணுல படுது, குளிர்காலத்துக்கு முன்னாடி வந்து சேர்னு பவுல் தீமோத்தேயுவைக் கூப்பிடற இடம். அந்த வசனம் அவரை விடவே இல்ல. ஜூலையில கப்பல் ஏறி ஜெர்மனிக்கே திரும்பிட்டார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி ஃபிளாசன்பர்க் முகாம்ல தூக்குல போட்டாங்க.

அவருக்கும் ஒத்தை வசனம்தான், சந்தர்ப்பத்தை விட்டு உருவினதுதான். அப்ப என்ன வித்தியாசம்? அந்த வசனம் அவரைத் தன் ஜனங்க மாட்டிக்கிட்டிருந்த இடத்துக்கு இழுத்துட்டுப் போச்சு. நமக்கு வர்ற வசனம் எதுவாவது, நாம ஏற்கனவே போக விரும்பாத ஒரு இடத்துக்கு நம்மளைக் கூப்பிட்டிருக்கா? எல்லா வசனமும் ஆன்சைட்டுக்குத்தானே கூப்பிடுது!

அதனால தியானம் எழுதுற அண்ணன்களுக்கும் போதகர்களுக்கும் சின்ன கோரிக்கை. வசனத்துக்கு மேல பத்து, கீழ பத்து சேர்த்துப் போடுங்க. நீங்கன்னு இருக்கிற இடத்துல நீன்னு மாத்தாதீங்க. வாரத்துக்கு ஒரு நாளாவது, படிக்கிறவன் பர்ஸுலயோ சாதியிலயோ கை வைக்கிற மாதிரி ஒண்ணு எழுதுங்க. அடுத்த 31 ராத்திரி தட்டுல, தலை வால் அட்டைகளுக்கு நடுவுல, உபாகமம் 24:15 எழுதின அட்டை பத்து போட்டு வைங்க. கூலியை அன்னைக்கே குடுங்கற வசனம். அது கையில வந்தவங்க வருஷம் பூரா அதை ஹால்ல மாட்டி வைக்கறாங்களான்னு பார்ப்போம், வீட்டு வேலைக்கு வர்ற அக்கா தினமும் துடைக்கிற அதே ஹால்ல.

பி.கு: கழுகு உண்மைன்னு நிரூபிக்கிற வீடியோ யார்கிட்டயாவது இருந்தா தயவுசெஞ்சு எனக்கு அனுப்ப வேண்டாம். ஏற்கனவே மூணு பேர் அனுப்பிட்டாங்க.